பதினோரு வாத்தும் ஒரு டிக் சத்தமும்

கமலாம்பாள்: முழிக்காத அம்சம். அந்தத் தகரத் தவளையை எடு.

அம்சம்: எந்தத் தவளைம்மா?

கமலாம்பாள்: ஊருல எத்தனை தகரத் தவளை இருக்கு? தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூர் போனப்ப தேரடிக் கடையில வாங்கினேனே. அமுக்கினா டிக்குன்னு கத்துமே. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு.

அம்சம்: ஓ... அந்தத் தவளையா.

கமலாம்பாள்: அதேதான். அவங்க கேக்குறாங்க.

அம்சம்: ஐயாவா? ஐயா இந்த வயசுல தவளை வச்சு வெளையாடப் போறாங்களா?

கமலாம்பாள்: சிரிக்காத. நீ சிரிச்சா எனக்கும் வந்துடும். எங்க பண்ணையைப் பாத்துக்குற காரியக்காரன் மருதையன் வேலியோரம் நிக்கிறான். இங்க இருமினா அங்க போய்ச் சொல்லுவான்.

அம்சம்: அப்ப உள்ள வாங்கம்மா. வாசல்லயே நின்னு பேசுனா...

கமலாம்பாள்: உள்ளயா...

அம்சம்: தலையைக் குனிஞ்சு வாங்க. நெலை தலையில தட்டும்.

கமலாம்பாள்: ...அப்பா. உள்ள குளுகுளுன்னு இருக்கே.

அம்சம்: கூரை வூடு அப்படித்தான். இருபது வருசத்துல இன்னைக்குத்தான் வந்து பாக்குறீங்க.

கமலாம்பாள்: எங்க கொல்லைக் கடைசிதான், கூப்பிடு தூரம்... வரணும்னு தோணலை.

அம்சம்: நான் தெனமும் வந்துக்கிட்டிருந்தேனே. வாசக் கூட்ட, மாட்டுக் கொட்டாய் அள்ள...

கமலாம்பாள்: அது வேற.

அம்சம்: ஆமாம்மா. அது வேற.

கமலாம்பாள்: ...சரி, விஷயத்துக்கு வா. அவங்க கூடத்துல குறுக்கையும் நெடுக்கையும் நடக்குறாங்க. காலையில தாசில்தார் முன்னால மானம் போனதுக்கு நீதான் காரணமாம். தவளையை அமுக்கி வாத்தை ஏவி விட்டியாம்.

அம்சம்: வாத்தை ஏவுறதா? அது என்ன, பில்லி சூனியமா?

கமலாம்பாள்: தவளை மட்டும் கையில கெடைக்கட்டும், நாளைக்கே நன்னிலம் தாலுகா ஆபீசுக்குப் போய் மறுமனு குடுக்கப் போறாங்க. விசாரணையில அவ ஏமாத்திட்டா, இந்த மனைக்கட்டுக்குப் பட்டா குடுக்காதீங்கன்னு.

அம்சம்: வெள்ளிக்கிழமை பட்டா தர்றேன்னு தாசில்தார் சொல்லிட்டாரே...

கமலாம்பாள்: அதை நிறுத்தத்தான் இவ்வளவும்.

அம்சம்: நிறுத்திடுவாங்களாம்மா?

கமலாம்பாள்: தவளை அவங்க கைக்குப் போனா நிறுத்திடுவாங்க.

அம்சம்: குடியிருக்கிற மனை குடியிருக்கிறவங்களுக்கேன்னு சட்டம் போட்டு ரேடியோவுலயே சொல்லிட்டாங்க. எங்க கூலியாளுங்க சங்கத்துலயும் படிச்சுக் காட்டுனாங்க. அதுக்குக் குறுக்க ஒரு தகரத் தவளை வந்து நிக்குமா?

கமலாம்பாள்: குடியிருக்கிறவங்களுக்குத்தானே சட்டம்? இங்க யாருமே குடியில்ல, இது வாத்துக் கொட்டாய்னு அவங்க சாதிக்கிறாங்களே.

அம்சம்: வாத்துக் கொட்டாய்ல அம்மி எதுக்கு? வாத்தா மொளகா அரைக்குது?

கமலாம்பாள்: தாசில்தாரும் அதைத்தான் கேட்டாராம்.

அம்சம்: போன வாரம் கொண்டாந்து போட்டதுன்னுட்டாங்க ஐயா. நடுவுல குழி விழுந்து கெடக்கு பாருங்க. ஒரு வாரத்துல அப்படித் தேயணும்னா நான் என்னத்த அரைச்சிருக்கணும்...

கமலாம்பாள்: ஏய், ஏய்... என் பொடவையை இழுக்குது பாரு.

அம்சம்: இது கோணக்கழுத்தி. உங்களைக் கண்டா விடாது. பொரி குடுத்த கையாச்சே.

கமலாம்பாள்: இன்னும் கழுத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்குதா? ஏதோ நோவுன்னு நெனச்சேன்.

அம்சம்: நோவு இல்லம்மா. நீங்க பழக்கினது.

கமலாம்பாள்: நானா?

அம்சம்: வாத்து செய்ய வேண்டியதைச் செஞ்ச அந்த நொடியில டிக்குங்கணும். ஒடனே தீனி குடுக்கணும். அப்பதான் எதுக்குத் தீனி கெடைச்சுதுன்னு அதுக்குப் புரியும். நீங்க என்ன பண்ணுனீங்க? முற்றத்துப் படி ஏறுனா டிக்குன்னு சொன்னேன். அது ஏறி, நின்னு, கழுத்தைத் திருப்பிப் பாத்த பொறகு சாவகாசமா அமுக்குனீங்க. கழுத்தைத் திருப்பத்தான் பொரின்னு அது முடிவு பண்ணிடுச்சு.

கமலாம்பாள்: அவங்க வர்றாங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டே அமுக்கினா கை பிந்தாதா?

அம்சம்: என் கை பிந்துனதில்லயே.

கமலாம்பாள்: நீ நத்தை குடுத்தே. நத்தைக்கு வாத்து நாட்டியமே ஆடும். நான் பொரியைக் குடுத்தே பதினொண்ணையும் கொல்லை, மாட்டுக் கொட்டாய், சமையக்கட்டுன்னு தாண்டி முற்றம் வரைக்கும் வரிசையா வரவச்சேன்ல?

அம்சம்: அது நெசம். அந்த வழியை அதுங்க மறக்கவே இல்லை. காலையிலதான் பாத்தோமே.

கமலாம்பாள்: பேச்சை எங்கயோ கொண்டு போற. தவளை எங்க?

அம்சம்: இருங்க... அடுக்குப் பானைக்கு அடியில... இந்தாங்க.

கமலாம்பாள்: என்னடி, டிக்குங்கல?

அம்சம்: உள்ளாற நாக்கு ஒடிஞ்சுபோச்சு. சித்திரையிலயே.

கமலாம்பாள்: இப்ப ஆனி. அப்ப காலையில நீ இதை அமுக்கலை?

அம்சம்: எதை அமுக்க? தாசில்தார் வந்ததுலேருந்து ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். மருதையன் என் கையவே பாத்துக்கிட்டிருந்தாரு, கேளுங்க.

கமலாம்பாள்: அவனும் அப்படித்தான் சொன்னான்.

அம்சம்: உங்க தவளை எங்கம்மா?

கமலாம்பாள்: அரிசிக் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். இந்தா, அதையும் கொண்டாந்தேன். துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு. அமுக்கிப் பாரு.

அம்சம்: ...மூச்சே விடலையே.

கமலாம்பாள்: ரெண்டும் செத்த தவளை. அப்ப டிக்குன்னது எது?

அம்சம்: பல்லியா இருக்கும்.

கமலாம்பாள்: பல்லி கூப்பிட்டு வாத்து வருமா?

அம்சம்: நல்ல சகுனத்துக்குச் சொல்லியிருக்கும்மா.

கமலாம்பாள்: என்கிட்டயே வா... சரி, மொதல்லேருந்து சொல்லு. நான் சமையக்கட்டுல இருந்தேன், பாதிதான் தெரியும்.

அம்சம்: அம்மியைப் பாத்துட்டு, அடுப்பையும் பாத்துட்டு, தாசில்தார் சொன்னாரு... வாத்துக் கொட்டாய்னு சொல்றீங்களே, வாத்து எங்க போய் அடையுதுன்னு பாத்துடுவோம்னு. ஐயா சரின்னாங்க. மருதையன் ஒரு மொறம் தவிட்டை இந்த வாசல்ல கொட்டி, பா பான்னு தொண்டை கிழியக் கத்துனாரு.

கமலாம்பாள்: வரலையா?

அம்சம்: திரும்பிக்கூடப் பாக்கலை. டிக்குன்னு கேட்டாத்தான் தின்னும். அறுப்பு முடிஞ்சு வயல்ல மேய வந்த வாத்து மந்தையோட என்னோடது ரெண்டு கலந்து போயிடுச்சே, மாசியில...

கமலாம்பாள்: பதிமூணு பதினொண்ணானது அப்பதான்.

அம்சம்: ஆமா. அதுக்கப்புறம்தான் டிக் இல்லாம யாரு பின்னாலயும் போகாதேன்னு பழக்குனேன். அது மருதையனுக்கு எங்க தெரியும்? கத்திக் கத்தி இருமலே வந்துடுச்சு.

கமலாம்பாள்: அப்புறம்?

அம்சம்: ஐயாவுக்குக் கோவம். இதுக்கு மேல என்ன சாட்சி, நான் எழுத்துலயே தர்றேன், இது வாத்துக் கொட்டாய்தான்னு விறுவிறுன்னு உங்க கூடத்துக்குப் போனாங்க. மேசைக்கு முன்னால உக்காந்தாங்க. சன்னல் தெறந்திருந்துச்சு, இங்கேருந்தே தெரிஞ்சுது. அவ்வளவுதான்... எழுத உக்காந்து அஞ்சு நிமிசம் ஆயிருக்கும், பொறகு...

கமலாம்பாள்: பொறகு?

அம்சம்: டிக்கு.

கமலாம்பாள்: எத்தனை தடவை?

அம்சம்: நாலஞ்சு. டிக்கு டிக்குன்னு.

கமலாம்பாள்: என் அடுப்பு பக்கத்தால பதினொண்ணும் போச்சு. கோணக்கழுத்தி முன்னால. நான் கரண்டியும் கையுமா நின்னேன். பின்னாலயே தாசில்தார், செருப்பைக் கழட்டி வச்சுட்டு வர்றார். மரியாதையான மனுசன்.

அம்சம்: உள்ள என்ன ஆச்சும்மா? மருதையன் ஓடிப் போய்ச் சன்னலைச் சாத்திட்டாரு, எனக்கு இங்கேருந்து தெரியல. சிரிப்புச் சத்தம்தான் கேட்டுது.

கமலாம்பாள்: அவங்க மேசையைச் சுத்தி அரை வட்டமா நின்னுச்சு. ஒண்ணு அந்த வாக்குமூலத்து மேலயே ஏறி உக்காந்துச்சு. அவங்க சூ சூங்கறாங்க, இதுங்க தீனி எங்கன்னு முகத்தைப் பாக்குது. தாசில்தார் மெதுவாத்தான் கேட்டார்... மிராசுதாரே, வாத்துக் கொட்டாய் எதுன்னு இப்ப எழுதிக்கட்டுமா?

அம்சம்: ஐயோ...

கமலாம்பாள்: சிரிச்சுக்க. நானும் சமையக்கட்டுல முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

அம்சம்: வெளிய வந்து என்னைக் கேட்டாரும்மா. பட்டா வாங்க வர்றப்ப கைநாட்டா, கையெழுத்தான்னு. கையெழுத்துன்னேன். சாயங்காலம் சாயங்காலம் சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்கல்ல. எம் பேரை எழுதுனா கடைசி எழுத்துப் புள்ளி மட்டும் எங்கயாவது போயிடும்.

கமலாம்பாள்: புள்ளி போனாப் போவுது. அம்சம்... கோணக்கழுத்தி அவங்க முன்னால நின்னு கழுத்தைத் திருப்பிச்சு.

அம்சம்: திருப்புச்சா...

கமலாம்பாள்: பொரிக்குத்தான் அது திருப்பும். டிக்குன்னு கேக்காம தீனிக்கு வராதுன்னு இப்பதான் நீ சொன்ன. அப்ப டிக் அந்த மேசையிலேருந்துதான் வந்திருக்கு. அவங்க கையில என்ன இருந்துச்சு?

அம்சம்: காயிதம்.

கமலாம்பாள்: இன்னொரு கையில?

அம்சம்: ...தண்ணி குடிக்கிறீங்களாம்மா? வேர்த்திருக்கு.

கமலாம்பாள்: உன் வூட்டுத் தண்ணியா...

அம்சம்: இல்ல, பழக்கமில்லாம கேட்டுட்டேன். வேணாம்னா...

கமலாம்பாள்: குடு.

அம்சம்: பானைத் தண்ணிதான்.

கமலாம்பாள்: பானைத் தண்ணிதானே கேட்டேன். குடு... ம். வெட்டிவேர் போட்டிருக்கியா?

அம்சம்: ஆமாம்மா.

கமலாம்பாள்: நல்லாருக்கு. இன்னொரு சொம்பு குடு. குடுத்துக்கிட்டே பதில் சொல்லு. இன்னொரு கையில என்ன இருந்துச்சு?

அம்சம்: பேனா.

கமலாம்பாள்: என்ன பேனா?

அம்சம்: உங்க மாப்பிள்ளை சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது. தலையை அமுக்குனா மூக்கு வெளிய வரும்.

கமலாம்பாள்: அமுக்கினா என்னான்னு கத்தும்?

அம்சம்: ...டிக்குன்னு.

கமலாம்பாள்: தகரத் தவளைக்குப் பழகின வாத்து, சிங்கப்பூர்ப் பேனாவுக்கு எப்படி வரும்?

அம்சம்: வெள்ளிக்கிழமை வரைக்கும் ஐயாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்.

கமலாம்பாள்: சொல்ல மாட்டேன். சொல்லு.

அம்சம்: தவளை நாக்கு ஒடிஞ்சதும் வாத்து எதுவும் எடுக்கலம்மா. நத்தையைக் காலடியில போட்டாலும் டிக்குக்குக் காத்துக்கிட்டு நிக்குது. நானே பழக்கி நானே பட்டினி போட்ட கதை ஆயிடுச்சு. அன்னைக்கு உங்க மேசையைத் தொடைக்கிறப்ப அந்தப் பேனா மேல கை பட்டுச்சு. டிக்கு. கொல்லையில பதினோரு தலையும் நிமிந்துச்சு. ஐயாதான் அதைத் தொடுறதே இல்லையேன்னு... மத்தியானம் நீங்க கண்ணசர்றப்ப மடியில கட்டிக்கிட்டு வருவேன். வெளக்கேத்துறதுக்குள்ள திருப்பி வச்சுடுவேன். வைகாசி பூராவும், நேத்து வரைக்கும்.

கமலாம்பாள்: ம்.

அம்சம்: திருடலம்மா. சத்தத்தைத்தான் கடன் வாங்குனேன்.

கமலாம்பாள்: தெரியும். சமையக்கட்டு சன்னல் எதுக்கு இருக்கு? வைகாசி பூரா நான் கண்ணசந்தேன்னா நெனச்ச?

அம்சம்: பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை கேக்கலையே.

கமலாம்பாள்: என்னைவிட நீ சரியான நேரத்துக்கு அமுக்கினே. கத்துக்கலாம்னு பாத்தேன்.

அம்சம்: இப்ப ஐயாவுக்கு இது தெரிஞ்சா...

கமலாம்பாள்: தெரிஞ்சா நல்லதுதான். மறுமனுவுல என்ன எழுதுவாங்க? வாத்தை என் பேனாவால நானே கூப்பிட்டேன்னா? செத்த தவளை ரெண்டையும் கொண்டு போய் மேசையில வைக்கிறேன், அமுக்கிப் பாக்கட்டும். அந்தப் பேனாவை அமுக்கிப் பாத்தாங்கன்னா பதினொண்ணும் திரும்ப வரும். மனு போடுற ஆசையே போயிடும்.

அம்சம்: அப்ப வெள்ளிக்கிழமை...

கமலாம்பாள்: வெள்ளிக்கிழமை இது உன் மனை. மருதையன் இருமுறான், நான் கெளம்புறேன்.

அம்சம்: அம்மா... ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கக் கூடாது.

கமலாம்பாள்: கேளு.

அம்சம்: எனக்குப் புத்தி தெரிஞ்சதுலேருந்து ஐயா மைப்பேனாவுலதான் எழுதுவாங்க. பச்சைக் கலரு, தங்க முள்ளு. சிங்கப்பூர்ப் பேனாவைக் கையாலகூடத் தொட மாட்டாங்க. இன்னைக்குன்னு பாத்து எப்படி அதை எடுத்தாங்க?

கமலாம்பாள்: மைப்பேனா காணுமாம். காலையிலேருந்து தேடுறாங்க.

அம்சம்: காணுமா? நேத்து சாயங்காலம் நான் கூட்டுறப்ப மேசையில இருந்துச்சே.

கமலாம்பாள்: கையை நீட்டு.

அம்சம்: எதுக்கும்மா... ஐயோ, இது...

கமலாம்பாள்: மெதுவா புடி, மூடி லூசு. முப்பது வருசமா உங்க சனத்துகிட்ட கைநாட்டு வாங்கி வாங்கி எழுதின பேனா. வெள்ளிக்கிழமை நீ இதுல கையெழுத்துப் போட்டுட்டுக் கொண்டா, நான் அவங்க மேசைக்கு அடியிலேருந்து கண்டுபிடிச்சுக் குடுத்துடுறேன். புள்ளியை மறந்துடாத.