அனுப்பாத சீட்டுகள்

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால்தான் ஆஸ்பத்திரி என்றாலும் ஃபைல்களோடு மட்டும் இருக்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். நானாக நோய் கண்டுபிடிக்கக் கூடாது. கடும் காய்ச்சல், இறங்கிப்போன ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிருமி எல்லாம் இருந்தும் டாக்டர் வெறும் 'தொற்று' என்று எழுதியிருந்தால், "இது செப்சிஸா?" என்று அவருக்கு ஒரு கேள்விச் சீட்டு அனுப்ப வேண்டும்.

ஒரே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மாதத்தில், கிருமி ரத்தத்தில் பரவி உயிரையே எடுக்கும் இந்த செப்சிஸ் மூன்று வந்தால், தியேட்டரை மூடிச் சோதிப்பார்கள். ஒரு மாதம் அந்த மூன்றாவது சீட்டை நானே தலைமை சர்ஜனிடம் கொண்டுபோனேன்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார், நர்ஸுகள் முன்னால்.

சீட்டைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தொற்றுக்கு உரிய எண்ணையே போட்டேன். பிறகு சீட்டே அனுப்பவில்லை. அனுப்பினால் பழையதையும் கிளறுவார்களே என்று பயம். சோறு இறங்காத பயம் ஐயா, விசாரிக்க வந்த உங்களுக்குச் சொன்னால் புரியாது.

ஆறு மாதத்தில் இப்படிச் சீட்டு போகாத ஃபைல் ஒன்பது. நாலு பேர் பிழைக்கவில்லை.

அப்போதுதான் அக்கா போன் செய்தாள். பித்தப்பையில் கல். "நீ வேலை பாக்குற இடமாச்சே, நல்லா பாப்பாங்களாடா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவள் வாயில் எதுவும் தங்காது.

"தைரியமா வாக்கா" என்றேன்.

அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று அவள் ஃபைல் என் மேசைக்கு வந்தது. வார்டில் இருந்த சின்ன டாக்டர் போனில் கூப்பிட்டார். "அவசரத்துல தொற்றுன்னு மட்டும் எழுதிட்டேன் சார். ஒரு சீட்டு அனுப்புங்க, செப்சிஸ்னு திருத்தித் தர்றேன்."

"தேவையில்ல டாக்டர், சரியாத்தான் இருக்கு."

அதற்கப்புறமும் இரண்டு பேர் போனார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: டாக்டர் எழுதாத எதையும் நான் ஒரு ஃபைலில்கூட எழுதியதில்லை.