முருங்கைக்கீரைச் சாறு

எலும்புச் சாற்றுக்குக் குக்கரில் தண்ணீர் வைக்கும்போது, எலும்பு முங்கி அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்க வேண்டும். கூட வைத்தால் சாறு நீர்த்துப்போகும், குறைத்தால் அடிப்பிடிக்கும். திருப்பனந்தாளில் முட்டைகூட வாசல் ஏறாத வீட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று முழிக்கிறாய். சொல்கிறேன், தம்பி. நீ உட்கார். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். கொஞ்ச நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, கால் பரபரவென்றிருக்கிறது.

காலையில் நீ கேட்டாயே, அதற்காகத்தான் சொல்கிறேன். 'கடைசியில அம்மாவுக்குப் பசிச்சிருக்குமாக்கா? அந்த நெலமையில பசியே தெரியாதுங்கறாங்களே' என்றாய். தெரு முழுக்க அப்படித்தான் பேசிக்கொள்கிறது. ஞானாம்பாள் விரதமிருந்து சிவனடி சேர்ந்தாள், அப்பேர்ப்பட்ட சாவு யாருக்குக் கிடைக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நீயும் அம்மா படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அதையே நம்பிக்கொண்டு நியூஜெர்சிக்குத் திரும்பிப் போகலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என்னிடம் கேட்டுவிட்டாய். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை, அது உனக்கே தெரியும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் படித்தவர்களையெல்லாம் அமெரிக்காக்காரன் அள்ளிக்கொண்டு போன சமயம். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து நான்தான் சொன்னேன். மாலத்தீவுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து, ஆர்டர் வந்ததும் அதே வாரம்தான். அதை நான் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை.

தஞ்சாவூரில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது. எழுந்து நிற்கத்தான் உடம்பில் தெம்பில்லை. குளிப்பாட்டுவது, துடைப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் என் கையால்தான் நடந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், பெற்றவளுக்குச் செய்ததுதானே.

இந்த வருஷம் ஆனியில் மறுபடியும் மாலத்தீவுக்கு இன்டர்வியூ வந்தது. திருவனந்தபுரம் போய்வந்தேன். ஜனவரியில் வந்து சேரச் சொன்னார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. வந்த வரனையெல்லாம், 'அவங்க வீட்டுல தாய்மாமன் மீன் திங்கிறாராம்' என்று அம்மா தட்டிக்கழித்த கதை உனக்குத் தெரியும். ஆடுதுறைப் பள்ளிக்கூடத்தில் அதே ஏழாம் வகுப்பு, அதே ஜீரண மண்டலம், அதே படம். ஞானாம்பாள் மகள் என்று யாருக்கும் தெரியாத ஒரு ஊரில், கடலுக்கு நடுவே கொஞ்ச நாள் இருந்துவிட்டுச் சாகலாம் என்று ஆசைப்பட்டேன். வெறிபிடித்த மாதிரி ஆசைப்பட்டேன். அம்மா எழுந்து நடந்தால்தான் நான் போக முடியும். இதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேள்.

கும்பகோணத்தில் ஜோஸ்வா டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'ஆட்டுக்கால் சூப்பு குடுத்தா எழுந்து ஓடுவாங்க டீச்சர். உங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், நீங்க வாசனைக்கே மயங்கி விழுந்துடுவீங்க.' மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அருள்மேரி டீச்சரிடம் கேட்டேன். கால் எலும்பை எப்படித் தட்டுவது, இஞ்சி பூண்டு எவ்வளவு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து எவ்வளவு நேரம் விடுவது என்று, பாடம் நடத்துகிற மாதிரியே சொல்லிக்கொடுத்தாள். வாட்டிக் கழுவிய கால்களைத் தூக்குவாளியில் போட்டு அவளே கொடுத்தும் விடுவாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் என்று நினைத்திருப்பாள்.

சின்னக் குக்கர் ஒன்று வாங்கி மாட்டுக்கொட்டகையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்தேன். எல்லாவற்றையும் மறைக்கலாம், விசிலை எங்கே மறைப்பது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்சவல்லி அக்கா எட்டிப் பார்த்து, 'என்ன பாரதி, கொட்டாயில சமையல் தூள் பறக்குது?' என்றார்கள். 'மாட்டுக்குக் கொள்ளு வேகுதுக்கா' என்றேன். சொன்ன கையோடு இரண்டு பிடி கொள்ளை வேறு சட்டியில் வேகவைத்து மாட்டுக்கு வைத்தேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது பார்.

குக்கர் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் சாறெல்லாம் சீறி வெளியே வந்துவிடும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, மேலே படிகிற கொழுப்பை வழித்தெடுத்தேன். முருங்கைக்கீரையை அலசிப் போட்டு, மிளகும் சீரகமும் தூக்கலாகத் தட்டிப்போட்டு இன்னொரு கொதி விட்டேன். உப்புப் பார்க்க ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு தினமும் எனக்கும் அரைத் தம்ளர் எடுத்துக்கொண்டேன்.

'முருங்கைக்கீரைச் சாறும்மா' என்று கொடுத்தேன். கீரை இருந்ததே. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, 'என்னடி இது, தேவாமிர்தமா இருக்கு. இத்தன நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?' என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எங்கே என் தம்ளர் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புரட்டாசியில் பூஜை அறைவரை நடந்து, தானே விளக்கேற்றினாள். அன்றைக்கு நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், தம்பி. சந்தோஷத்தில்தான். அவளும் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

சரஸ்வதி பூஜையன்று மாலத்தீவு விஷயத்தைச் சொன்னேன். துணைக்கு ஏற்பாடும் செய்திருந்தேன், அம்சவல்லி அக்காவின் நாத்தனார் வீட்டோடு வந்திருக்கச் சம்மதித்திருந்தார்கள். அம்மா சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, 'மீன் திங்கிற தீவுக்கா? போ, தாராளமாப் போ' என்றாள். மறுநாள் காலையில் அவளுக்குக் கால் வரவில்லை. 'மரத்துப்போச்சுடி. இனிமே அவ்வளவுதான்' என்று கட்டிலோடு படுத்துக்கொண்டாள். மறுபடியும் குளிப்பாட்டினேன், துடைத்தேன். ஜோஸ்வா டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

ஒருநாள் குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். அம்மா கிணற்றில் நீர் சேந்திக்கொண்டிருந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மருதாணிச் செடியைச் சுற்றிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, 'விழுந்துட்டேன்டி பாரதி' என்றாள். நான் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன். கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம், அவள் தம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தம்ளரை வாங்கிக்கொண்டு, 'அம்மா, இது ஆட்டுக்கால்' என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீ திருச்சி ஹாஸ்டலில் ஆம்லெட் தின்றது தெரியவந்தபோது, அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ தின்றதற்கே அப்படி. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. 'எத்தன நாளா?' என்றாள். 'ஆடியிலேருந்து' என்றேன். 'யாருக்குத் தெரியும்?' என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கால் வராத அம்மா எழுந்து கிணற்றடிக்கு நடந்துபோய், தானே சேந்தித் தானே தலையில் ஊற்றிக்கொண்டாள். நான் துண்டு எடுத்துக்கொண்டு போனேன். 'தொடாதே' என்றாள்.

இங்கேதான் தெருக்காரர்கள் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அம்மா சாக நினைக்கவே இல்லை. என் கைச் சமையல் வேண்டாம் என்றாள், அவ்வளவுதான். அம்சவல்லி அக்கா காரணம் கேட்டபோது மானத்துக்குப் பயந்து, 'விரதம் இருக்கேன் அம்சா, பழமும் எளநீரும் போதும்' என்று சொல்லிவைத்தாள். செய்தி பரவிவிட்டது. கார்த்திகை பிறந்ததும் வருகிறவர்கள் காலில் விழ ஆரம்பித்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசிவிட்டாள். பூசும்போது என் பக்கம் திரும்பவே மாட்டாள்.

பழமும் இளநீரும் அந்த உடம்புக்கு எத்தனை நாள் தாங்கும். வயிற்றுப்போக்கு கண்டது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். 'கஞ்சி குடுங்க டீச்சர், நல்லாக் கொழைய வச்சு. ரெண்டே நாள்ல தேறிடுவாங்க' என்றார். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் போனதும், 'பாரதி, கஞ்சி வை' என்றாள். அன்றைக்குத்தான் என்னை மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பசித்தது, தம்பி. நீ கேட்டதற்கு அதுதான் பதில். அடுக்களையில் ஏனம் உருளுகிற சத்தம் கேட்டால்கூடத் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். அவ்வளவு பசி.

கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். தம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தி, 'இதுல ஒண்ணும் இல்லையே?' என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று என்ன இருக்கிறது. என் முகத்தையே பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

ராத்திரிக்கும் கொண்டுபோனேன். மறுநாளும். நான் ஒருவேளைகூடத் தவறவில்லை, அதை நீ யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் சும்மா நின்றேன். ஒருமுறை வேலிப்பக்கம் பார்த்து, 'அம்சா, அம்சா' என்று கூப்பிட்டாள். அக்கா ஓடிவந்தார்கள். 'என்னம்மா வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க' என்றார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்தாள். 'ஒண்ணுமில்ல. பாத்து நாளாச்சேன்னு கூப்ட்டேன்' என்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, 'மகராசி, பந்தபாசத்தையெல்லாம் அறுத்துட்டாங்க பாரதி' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவை, நடக்க இடமில்லை. நாளைக்கு எனக்குத் திருவனந்தபுரம் ரயில். நீ ஏன் இப்படி வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாய். முடியப்போகிறது.

கடைசி நாள் காலையில் அவளே என் கையைப் பிடித்தாள். தொடாதே என்றவள்தான். கையில் கனமே இல்லை. 'ஒத்த வார்த்த, பாரதி. இல்லேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு, நான் குடிச்சுடறேன். நீ மாலத்தீவு போ, எங்க வேணும்னாலும் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்' என்றாள்.

போ என்று சொல்லிவிட்டாள் பார். இவ்வளவும் அதற்காகத்தான் என்று நீ நினைப்பாய். நானும் அன்றைக்குவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். தம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். கேட்டுக் கேட்டு அவள் உதடு வெடித்திருந்தது. சொல்லியிருக்கலாம். நேரமும் இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. பிறகு அதைக் கொண்டுபோய் வாழை மரத்தடியில் கொட்டினேன், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அரிசியும் உப்பும் தண்ணீரும்தான், தம்பி. வேறு ஒன்றும் அதில் இல்லை.