கடைசியாக இறங்கியவள்

என் பெயர் வசந்தகுமாரி, வயது 54, த/பெ. உலகநாதன். கரையான்சாவடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். நெடுங்காலம் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, தற்போது மண்ணூர்பேட்டையில் கிருபாகரன் என்பவர் நடத்தும் பணிப்பெண் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்து வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை அங்கு நடந்த தீ விபத்து பற்றி விசாரணை நடப்பதை அறிந்து, யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நான் பணியில் இருந்தபோது, தரையிறங்கிய விமானம் ஒன்றில் தீப்பிடித்தது. பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டு, கடைசியாகக் கழிவறைகளைப் பார்க்கப் போன நான், உள்ளே மயங்கிக் கிடந்த பெரியவர் ஒருவரை இழுத்து வந்தேன். அதற்கு விருது கொடுத்தார்கள், பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தைத்தான் கிருபாகரன் பெரிதாக அடித்து வாசலில் மாட்டி வியாபாரம் செய்கிறார். விமானத்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டதைத் தவிர அவருக்கு இந்தத் தொழிலில் வேறு அனுபவம் கிடையாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார். நானும் சலிக்காமல் சொல்வேன். சொல்வதில் எனக்குப் பெருமை இருந்தது.

சம்பவத்தன்று காலை, விமானத்தின் உட்புறம் போல இருக்கைகள் போட்ட மாடி அறையில் அவசர வெளியேற்றப் பயிற்சி நடத்தினேன். வழக்கப்படி மாணவிகளின் கைப்பேசிகளை வாங்கி ஒரு கூடையில் போட்டு, வாசலை ஒட்டிய என் மேசை மேல் வைத்தேன். ஆவடியைச் சேர்ந்த நிஷா அன்று பணிப்பெண்ணாக நிற்க வேண்டிய முறை. மற்றவர்கள் பயணிகளாக உட்கார்ந்தார்கள். அதன் பிறகு ஏசி பெட்டியிலிருந்து புகை வந்தது. பயிற்சிக்காக நான்தான் புகை விடுகிறேன் என்று நினைத்து, சொல்லிக்கொடுத்தபடி எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு என் கட்டளைக்காகக் காத்திருந்தார்கள். திரைச்சீலை பற்றியதும், "நிஜமாவே நெருப்புடி, எழுந்து ஓடுங்க" என்று சத்தம் போட்டேன். கீழே கம்பிக் கதவை எப்போதும் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார் கிருபாகரன். சாவி என்னிடம் இருந்ததால் நான் முன்னால் ஓட வேண்டியதாயிற்று. நிஷா மேலே கதவருகே நின்று ஒவ்வொருத்தியாகத் தள்ளிவிட்டாள். தெருவுக்கு வந்து பார்த்தபோது அவள் மட்டும் இல்லை. பிறகு தீயணைப்பு வீரர்கள் அவளைக் கழிவறை வாசலிலிருந்து தூக்கி வந்தார்கள். இரண்டு கைகளும் வெந்திருந்தன.

கைப்பேசியை எடுக்கத்தான் திரும்பிப் போனாள், அவள் கவனக்குறைவே காரணம் என்று கிருபாகரன் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். கைப்பேசி இருந்தது வாசல் பக்கம், கழிவறை இருப்பது மறுகோடியில். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று பார்க்கத்தான் அவள் போனாள். பணிப்பெண் எல்லா இடமும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். புகை மிஞ்சிவிட்டால் எதையும் பார்க்காமல் வெளியேறு என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. அதை அடுத்த வகுப்புக்குத் தள்ளி வைத்திருந்தேன். என் கதையைச் சொல்வதிலேயே நேரம் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அவள் தாயார் எல்லம்மா, "இன்னா மேடம், போனுக்காவ உள்ள பூந்துச்சுன்றாங்க. எம்பொண்ணு அப்டிப்பட்டதா?" என்று கேட்டார். இல்லை என்று அவரிடம் சொன்னேன். அது எழுத்திலும் பதிவாக வேண்டும் என்பதற்காகவே இங்கு வந்தேன். அன்று எல்லம்மாவிடம் பேசிவிட்டு உள்ளே போய் நிஷாவைப் பார்த்தேன். கையில் தழும்பு இருந்தால் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் சிரமப்பட்டுப் பேசினாள்.

"டாய்லெட்ல யாரும் இல்ல மேடம். தொறந்து பாத்துட்டேன்."

பிறகு, தான் செய்தது சரிதானா என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். "கரெக்டா செஞ்ச கண்ணு" என்றேன்.

மேற்படி விவரங்களை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) உ. வசந்தகுமாரி