புடலங்காய்க்குக் கட்டிய செங்கல்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. தம்பி பெருமூச்சு விட்டபடி ஆரம்பித்தார்.

"இப்ப எங்க ஊட்டுல எந்நேரமும் காலிஃப்ளவரும் காளானுந்தானுங்க்கா. அம்மா வெச்ச புடலங்காக் கூட்டுக்கு நாக்கு ஏங்கிக் கெடக்குதுங்க்கா."

"நீயா ஏங்கறே? காய் நேரா வளரட்டும்னு பிஞ்சு நுனியில சின்னக் கல்லாக் கட்டச் சொன்னா, அரைச் செங்கல்லைக் கட்டி அத்து உழ வெச்சவன் நீதான?"

"அது தெரியாமச் செஞ்சதுங்க்கா."

"பந்தல்ல இருந்த அத்தனை காய்க்குமா தெரியாமச் செஞ்சே? அம்மாகிட்ட அடி வாங்குனது நானு."

"சின்ன வயசுல அதோட அருமை தெரியலீங்க்கா. இப்பக் கெடச்சா ஒரு சட்டி திம்பேன்."

அக்கா மடியில் இருந்த பையைத் துழாவி டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். தேங்காயும் சீரகமும் என் சீட்டு வரை மணத்தன.

"தின்னு சாமி. உனக்குன்னுதான் விடியறதுக்குள்ள எந்திரிச்சு வெச்சேன்."

தம்பி ஒரு வாய் அள்ளிப் போட்டார். மென்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மென்றார். சங்ககிரி வந்தபோது டிபன் பாக்ஸை மூடி, மெல்ல அக்காவின் மடிக்கே நகர்த்தினார்.

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "ஏஞ்சாமி, அம்மா கைப்பக்குவம் வரலியா?"

"அய்யோ, இல்லீங்க்கா. அப்படியே அம்மா வெச்ச மாதிரியே இருக்குதுங்க்கா."