பிரிண்ட் போடாத ஏழு

— இதுலயும் இல்ல. அடுத்ததை வைங்க அண்ணா.

— இதோட இருபத்தொம்பது படமும் முடிஞ்சுதும்மா. ரெண்டு தடவை பாத்தாச்சு.

— மூணாந்தடவை பாப்போம்.

— ஸ்டூடியோக்காரரை எதுக்குப் படுத்தற சின்னக்குட்டி? இல்லாத ஆளை அவரு எங்க இருந்து கொண்டு வருவாரு?

— அக்கா காணாமப் போய் ஒம்பது நாள்தான் ஆகுதுப்பா. அதுக்குள்ள இல்லாத ஆளாக்கிட்டீங்க.

— படத்துல இல்லன்னு சொன்னேன். என் வாயில வராததை வந்ததாச் சொல்லாத.

— அண்ணே, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் உக்காருங்க. ஃபேன் இந்தப் பக்கம்தான் அடிக்கும். எனக்கு விஷயம் தெளிவாத் தெரியணும். காணாமப் போனது உங்க பெரிய பொண்ணு. ஸ்டேஷன்ல போட்டோ கேக்கறாங்க. அவ்வளவுதானே?

— அஞ்சு மணிக்குள்ள கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. படம் இருந்தா இன்னைக்கே எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்புவாங்களாம். இல்லன்னா ஃபைலை மூடி வச்சுட்டு அடுத்த வேலையப் பாப்பாங்க. ஆளு எப்படி இருப்பாங்கன்னு கேட்டாங்க. எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா அண்ணா? 'நல்லா இருப்பா'ன்னாரு.

— பதட்டத்துல வந்துது. நான் என்னத்தக் கண்டேன்.

— மச்சம் இருக்கான்னு கேட்டாங்க. அவரு இடது கன்னம்கறாரு, நான் வலதுங்கறேன். எழுதிகிட்டிருந்தவரு பேனாவை மூடிட்டு, 'நீங்க வீட்டு ஆளுங்கதானே'ன்னு கேட்டாரு.

— அடையாள அட்டையில படம் இருக்குமேம்மா.

— கையோட எடுத்துகிட்டுப் போயிட்டா. தையல் கம்பெனி கார்டும் அவகிட்டதான். கம்பெனியில நாளைக்கு வா, நாளன்னைக்கு வாங்கறாங்க. வீட்ல இருக்கறது பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒண்ணு. ஒம்பது வயசு. ரெண்டாவது வரிசையில நிக்கறா, பாதி முகத்தை முன்னாடி நிக்கறவ ரிப்பன் மறைக்குது. அதைக் காட்டி இருபத்தெட்டு வயசுக்காரியத் தேட முடியுமா?

— சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல எடுத்தது?

— எல்லாத்துலயும் எடுத்தவளே அவதான். முதல் போனஸ்ல அந்தக் காமிராவை வாங்கினா. வாங்கின அன்னைக்கே படத்துல இருந்து காணாமப் போயிட்டா. எங்களுக்குத்தான் ஒம்பது நாள் முன்னாடி தெரிஞ்சுது.

— இந்த ரோல் எப்ப போட்டது?

— கோடை தொடங்கறப்ப. அவ போன அன்னைக்குக் காமிரா ஜன்னல் கட்டையில இருந்துது, தெருவுல நின்னு வச்ச மாதிரி வெளிப்பக்கமா. உள்ள ரோல் முழுசா ஓடி முடிஞ்சிருந்துது.

— ஒரு நிமிஷம். உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு அப்போல இருந்து மண்டையக் குடையுது. வாசல்ல கண்ணாடிக்குள்ள தொங்குதே, கறுப்பு அங்கி, கையில சுருட்டின காகிதம். நீங்கதானே அது?

— நான்தான்.

— எங்க வம்சத்துல முதல் பட்டதாரி சார் இவ. அதைப் பாக்கறதுக்கே இந்தத் தெரு வழியா வருவேன் நான்.

— அப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு?

— இல்லம்மா, அன்னைக்கு உங்ககூட ஒரு பொண்ணு வந்திருந்தாங்க. உங்களுக்குத் தலை வாரி விட்டாங்க. அங்கி தோள்ல நிக்காம வழுக்கிச்சு, பின்னால மடிச்சு ஊசி குத்தினாங்க. என் பையன் லீவு, அதனால லைட்டுக் குடையை அவங்களைத்தான் பிடிக்கச் சொன்னேன்.

— அதுதான் எங்கக்கா.

— அடப்பாவமே. 'நீங்களும் பக்கத்துல நில்லுங்க, தனிக் காசு வேணாம்'னு சொன்னேன். முகம் கழுவலன்னாங்க.

— அண்ணா, அவ முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— கோவிச்சுக்காதீங்க. லைட்டு அவங்களுக்கு முன்னாடி இருந்துது. எனக்குக் கைதான் தெரிஞ்சுது.

— மச்சம்?

— கைதான்மா தெரிஞ்சுது.

— சரி. முதல்ல இருந்து வைங்க. இந்த மொட்டைமாடிப் படம்.

— இவங்க யாரு, தண்ணி ஊத்திகிட்டு?

— தம்பியும் அவன் கூட்டாளியும். மாடி கொதிக்குதுன்னு சாயங்காலம் வாளி வாளியா ஊத்துவானுங்க. பாதி தரைக்கு, பாதி அவனுங்க மேல. இந்த மூலையில பாருங்க, நிழல் ஒண்ணு நீண்டு கிடக்கு. காமிரா பிடிச்ச மாதிரி ரெண்டு முழங்கையும் விரிஞ்சிருக்கு. அவதான்.

— நிழல்ல மச்சம் தெரியாதும்மா.

— அது எனக்கும் தெரியும் அண்ணா. அடுத்தது.

— இது சமையலறை. குடம் பளபளன்னு இருக்கு. குடத்துல ஏதோ தெரியுது. அந்தப் பூதக்கண்ணாடியைக் குடுங்க... ஆமா, ஒரு ஆளு. எறும்பு கணக்கா. ஆனா முகம் இருக்க வேண்டிய எடத்துல காமிரா இருக்கு.

— அதைக் கீழ வை சின்னக்குட்டி. போதும். வா போகலாம்.

— உங்களுக்கு எப்பவுமே போதும்தான். பாருங்க, இந்த அடுத்த படத்துலயும் அதையேதான் சொல்லிகிட்டிருக்கீங்க. கையை நீட்டி, 'வச்சுட்டுப் போய் வேலையப் பாரு'ன்னு. ஏழாவதோட அவ படிப்பை நிறுத்துனப்பவும் இப்படித்தான் கையை நீட்டியிருப்பீங்க.

— நிறுத்தினது நான் இல்ல. அவளா நின்னா.

— பன்னெண்டு வயசுப் பிள்ளை தானா நின்னுச்சு. நீங்க பாத்துகிட்டு நின்னீங்க. அவ தச்சா, நான் படிச்சேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தக் காமிராவை வாங்கி அவளை ஒண்ணு எடுத்தீங்களாப்பா?

— நீ எடுத்தியா?

— நான் அதைத் தொட்டதே இல்ல. எனக்குப் பரீட்சை.

— எப்பப் பாத்தாலும் பரீட்சை. பட்டம் வாங்கியும் பரீட்சை.

— வேலைக்குப் பரீட்சை எழுதணும்பா. பட்டத்தைக் காட்டினா உள்ள விட்டுடுவாங்கன்னு நினைச்சீங்களா?

— கோவிச்சுக்காதீங்க ரெண்டு பேரும். இதைப் பாருங்க, நல்ல படம். தர்பூசணி. வீடே ஒட்டிகிட்டு உக்காந்திருக்கீங்க. அம்மா சிரிப்பு என்னமா விழுந்திருக்கு. நீங்க மட்டும் மடியில புத்தகம். இடது கை விரல்ல என்ன, இவ்வளவு பெரிய வெள்ளைக் கட்டு?

— காத்துக்குக் கதவு அடிச்சு நசுங்கிடுச்சு. அவதான் கட்டுப் போட்டா. தையல்காரியாச்சே, சுத்தினா சுத்திகிட்டே இருப்பா. சுண்டுவிரல் தடிமன் இருந்த விரலு பொம்மைத் தலையாட்டம் ஆயிடுச்சு. அடுத்தது.

— இது அம்மா தூங்கறது. இது அண்ணே, நீங்க பக்கத்து வீட்டுக்காரரோட ஐஸ் கட்டியத் துண்டுல சுத்தி உடைக்கறது. இது வாசல் படியில எல்லாரும்... ஒண்ணு கவனிச்சீங்களாம்மா? நம்பர் வரிசையாப் பாத்தாத்தான் தெரியுது.

— என்னது?

— முதல் படமெல்லாம் கிட்டத்துல இருந்து. உங்க அம்மா மூக்குல இருக்கற வேர்வை தெரியுது. பத்துக்கு மேல அறைக்கு அந்தப் பக்கம். இருபதுக்கு மேல நிலைப்படியில நின்னு எடுத்திருக்காங்க. முப்பதுக்கு மேல தெருவுல. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி பின்னால போயிருக்காங்க.

— நீங்க என்ன சார், பயமுறுத்தறீங்க.

— நான் எடுக்கலண்ணே. முப்பத்தாறைப் பாருங்க. எதிர்ப்பக்கம் நின்னு எடுத்தது. ஆளே இல்ல. மூடின கதவு. வாசல்ல நாலு ஜோடி செருப்பு.

— அஞ்சுல்ல இருக்கணும்.

— அஞ்சாவதை அவ போட்டுகிட்டு நிக்கறாப்பா.

— மூடின கதவை எதுக்கு எடுத்தா? அவ போனதுக்கப்புறம் இவ அம்மா கதவைச் சாத்தவே விடறதில்ல சார். பகல், ராத்திரி, தூசி, நாயி, எது வந்தாலும் தொறந்தே கிடக்கு.

— அண்ணா, ரோலுல முப்பத்தாறு. நீங்க குடுத்தது இருபத்தொம்பது. மீதி ஏழு?

— அது கெட்டுப்போனதும்மா. கெட்டதைப் பிரிண்ட் போட்டுக் காசு வாங்கற வழக்கம் எங்க அப்பா காலத்துல இருந்தே இந்தக் கடையில கிடையாது. நெகட்டிவ்ல மட்டும் இருக்கும்.

— அதைக் காட்டுங்க.

— ஒண்ணும் இருக்காதும்மா. ஆடினது, வெளிச்சம் புகுந்தது...

— ஒண்ணு இருக்கணும்.

— அப்படி எப்படிம்மா அடிச்சுச் சொல்றீங்க?

— இருக்கணும்னு சொல்றேன். காட்டுங்க.

— காலையில இருந்து இதையேதான் சார் சொல்லிகிட்டிருக்கா. ரோலைக் கழுவினா ஒண்ணு இருக்கும், ஒண்ணு இருக்கும்னு. எனக்கு ஒரு எழவும் புரியல.

— சரி, ஜன்னல் திரையை இழுங்க. லைட் பெட்டியப் போடறேன். நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழாத் தெரியும், வெள்ளை கறுப்பாயிடும், கறுப்பு வெள்ளையாயிடும். பயந்துடாதீங்க அண்ணே.

— ஐயோ, எம் பொண்டாட்டி கண்ணு ரெண்டும் வெள்ளையா இருக்கே.

— அதான் சொன்னேன். முதல் ரெண்டும் ரோல் மாட்டறப்ப வெளிச்சம் பட்டது. பதினொண்ணு, ஃபேன் இறக்கை. பதினேழு, யாரோ ஓடின காலு. இருபத்திரண்டும் இருபத்தாறும் சூரியனைப் பாத்து எடுத்தது, மொத்தமாப் போச்சு. கடைசியா முப்பத்தஞ்சு.

— அதைக் குடுங்க.

— இது விரல் விழுந்தது. புதுசா காமிரா பிடிக்கறவங்க எல்லாம் செய்யற தப்பு. கண்ணு வைக்கற ஓட்டை தனியா இருக்கும், லென்ஸ் தனியா இருக்கும். விரல் லென்ஸை மறைக்கறது எடுக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா உங்கக்கா கைக்கு இது ஆகாதே. முப்பத்தஞ்சு படம் வரைக்கும் வந்த ஆளு விரலை வைக்க மாட்டாங்க.

— பெருசு பண்ணிக் காட்ட முடியுமா?

— பூதக்கண்ணாடி வழியாப் பாருங்க. நடுவுல முழுக்க மறைஞ்சு போச்சு. ஆனா ஓரத்துல ஆளு இருக்காங்க. நாற்காலியில. மடியில கை ரெண்டும் கோத்து வச்சிருக்காங்க. தலையைப் படிய வாரி, பின்னல் முன்னால கிடக்கு. படம் எடுத்துக்கத் தயாரா உக்காந்த மாதிரி இருக்கு.

— முகம்?

— முகத்து மேலதான்மா விரல்.

— நகருங்க சார். நான் பாக்கறேன். இது... இது பெரியவதான். அந்தக் காது அவளுது.

— காதை வச்சு எப்படிப்பா?

— மடல்ல கிழிசல் இருக்கு பாரு. ஒன்றரை வயசு. தூக்கி வச்சிருந்தேன், என் சட்டைப் பொத்தான்ல தோடு மாட்டிகிச்சு. நான் பாக்காம இறக்கி விட்டேன். ரெண்டு நாள் அழுதா. இடது காது. அதுக்கு நேர் கீழதான் மச்சம். நான் சொன்னது சரிதான்.

— இதை ஏம்பா ஸ்டேஷன்ல சொல்லல?

— மச்சத்தைத்தான் கேட்டாங்க. காதைக் கேக்கலையே.

— அண்ணே, ஒரு நிமிஷம். இதுல ஏதோ ஒண்ணு இடிக்குது. இந்த விரல் சாதாரண விரலா இல்ல. ரொம்பத் தடி. நெகட்டிவ்ல மை மாதிரிக் கறுப்பா இருக்கு. தோலா இருந்தா இவ்வளவு கறுப்பு வராது. இது வெள்ளையா ஏதோ... துணி மாதிரி... சுத்தின...

— ஏன் சார் நிறுத்திட்டீங்க?

— அந்தத் தர்பூசணிப் படத்தை எடுங்கண்ணே.

— எடுக்க வேணாம்பா. என் விரல்தான்.

— தொட்டதே இல்லன்னியே.

— சொன்னேன்.

— சின்னக்குட்டி.

— அவ போன அன்னைக்கு மத்தியானம். நீங்க, அம்மா, தம்பி மூணு பேரும் தூங்கிகிட்டிருந்தீங்க. முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, எதிர்ல வந்து உக்காந்தா. 'ஒண்ணே ஒண்ணு எடுடி'ன்னா. புத்தகத்துல இருந்து நான் தலையத் தூக்கல. ரெண்டு கையாலயும் பிடிச்சு அமுக்கிட்டு நீட்டினேன். கட்டுப் போட்ட விரலு, லென்ஸ் மேல இருந்தாலும் உறைக்கல. 'விழுந்துச்சா'ன்னு கேட்டா. 'விழுந்துச்சு, விழுந்துச்சு, போ'ன்னேன்.

— இதை ஏன் ஒம்பது நாளா சொல்லல? எடுத்தேன்னு சொன்னா நான் என்ன உன்னை அடிக்கவா போறேன்?

— எடுத்ததைச் சொன்னா, அவ சொன்னதையும் சொல்லணும்.

— என்ன சொன்னா?

— இப்ப எதுக்கு உனக்குப் படம்னு கேட்டேன். 'எனக்கு இல்ல, உங்களுக்கு. நான் போனதுக்கப்புறம் ஸ்டேஷன்ல முதல்ல இதைத்தான் கேப்பாங்க'ன்னா.

— நீ என்னம்மா சொன்ன?

— போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ, அனல் அடிக்குதுன்னேன்.