தண்ணீர் வண்டி முதலில் நிற்கும் வீடு

தேர்தல் ஞாயிறு மாலை, பிரேசிலின் வறண்ட சீமையில், பெட்ரா மான்சா ஊரில், லசெர்தா வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் மூவர். வீட்டுக்காரர் பென்விந்தோ, எழுபது கடந்தும் முதுகு வளையாதவர். அவர் மனைவி சுல்மீரா. பின்னால் வந்து சேர்ந்தவன் எடிவான். ஞானஸ்நானத்தின்போது இவர்கள் இருவரும் கையில் ஏந்திய பிள்ளை, இப்போது ஊருக்கு மேயர், இந்தத் தேர்தலில் மறுபடியும் நின்றவன். வேறு எவரும் இல்லை. தானும் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சுல்மீரா: ...தொப்பியக் கழட்டுங்களேன். ஓட்டுப் போட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு!

பென்விந்தோ: இருக்கட்டும்.

சுல்மீரா: வீட்டுக்குள்ள வெயிலா அடிக்குது?

பென்விந்தோ: ஆள் வரும்.

சுல்மீரா: யாரு வருவா? வெடிச் சத்தம் கேக்குதுல்ல... அது மேட்டுத் தெரு, எதிராளி ஆளுங்க. நம்ம பையன் தோத்துட்டான்.

பென்விந்தோ: தோத்தவன்தான் வருவான்.

சுல்மீரா: வந்தா... என்ன சொல்லப் போறீங்க?

பென்விந்தோ: ஆசீர்வாதம் கேப்பான். கொடுப்பேன்.

சுல்மீரா: நான் அதக் கேக்கலங்க...

பென்விந்தோ: நீ கேக்கறது என் ஓட்டை. உன் ஓட்டை நான் கேட்டேனா?

சுல்மீரா: எழுபது தாண்டினா ஓட்டுப் போடறது கட்டாயமில்லன்னு சட்டமே சொல்லுது. பேசாம வீட்லயே இருந்திருக்கலாம்.

பென்விந்தோ: ஒளிஞ்சுக்கச் சொல்றியா? லசெர்தா வீட்டு ஆம்பளை, ஓட்டு நாளும் அதுவுமா?

சுல்மீரா: தூளிப் படுக்கையில தூங்கிட்டார்னு சொல்லியிருப்பேன். தினம் மதியம் தூங்கறவர்தானே.

பென்விந்தோ: நான் தூங்கினதும் நீ என்ன செய்வேன்னு சொல்லட்டுமா?

சுல்மீரா: ...என்ன செய்வேன்?

பென்விந்தோ: பின்கதவத் திறப்பே. எதிர்வீட்டு இவொனேச்சி வருவா. அவ பின்னால இன்னும் நாலு பேரு. நம்ம தொட்டித் தண்ணி தெருவுக்குப் போகும்.

சுல்மீரா: அடப்பாவி மனுசா! தூங்கலயா நீங்க?

பென்விந்தோ: தகர வாளி அந்தக் கத்து கத்தினா எவன் தூங்குவான்?

சுல்மீரா: கோவிச்சுக்குவீங்கன்னு...

பென்விந்தோ: சத்தம் போடாத பிளாஸ்டிக் வாளி வாங்கி வச்சது யாரு?

சுல்மீரா: சந்தையில மலிவாக் கிடைச்சுதுன்னீங்களே!

பென்விந்தோ: மலிவுதான்.

சுல்மீரா: ...கள்ளன்.

பென்விந்தோ: அது அரசாங்கத் தண்ணி, சுல்மீரா. ஊருக்கே வந்தது. சுவத்துல எடிவானோட ஓட்டு நம்பர் எழுதின வீட்டுல மட்டும் தண்ணி வண்டி நிக்குது. அதுலயும் முதல்ல நம்ம வீடு. மிச்சத்த அவன் ஆளுங்க வித்துத் தின்னுட்டாங்க. எங்கப்பன் காலத்துல இந்த வீடு பட்டினி கிடந்திருக்கு. அடுத்தவன் தாகத்தைக் குடிச்சதில்ல.

சுல்மீரா: மெதுவா... வாசல்ல காலடி.

எடிவான்: ஆசீர்வாதம், ஞானப்பா. ஆசீர்வாதம், ஞானம்மா.

பென்விந்தோ: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

சுல்மீரா: வாடா. சோளப்புட்டு சூடா இருக்கு. உக்காரு.

எடிவான்: வேண்டாம், ஞானம்மா... தொண்டையில இறங்காது.

சுல்மீரா: தோத்தவனுக்கும் வயிறு இருக்குல்ல? பாலு ஊத்தித் தரேன், இறங்கும்.

எடிவான்: எல்லாப் பயலும் முகத்தத் திருப்பிட்டான். ஓட்டுக்காக என்கிட்ட சிமெண்டு மூட்டை வாங்கினவன், பல்செட்டு வாங்கினவன்... என் பல்ல மாட்டிக்கிட்டு எதிராளிகிட்ட போய்ச் சிரிக்கிறான்!

சுல்மீரா: பல்லு உன் காசாடா?

எடிவான்: ஞானம்மா!

சுல்மீரா: சும்மா கேட்டேன். சாப்பிடு.

எடிவான்: இந்த வீடு ஒண்ணுதான் என்னைக் கைவிடல. ஊரே பேசுது. அதான் நேரா இங்க வந்தேன்.

பென்விந்தோ: என்ன பேசுது?

எடிவான்: ஓட்டு எந்திரத்துல என் நம்பரை அடிச்சு என் படம் வந்ததும், நீங்க கையத் தூக்கி, வெளியில வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி, ‘கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்’னீங்களாம். அதிகாரி எழுந்து வந்து, ‘ஐயா, சத்தம் போடக் கூடாது’ன்னாராம்.

சுல்மீரா: ஐயோ... படத்துக்கா? நிஜமாவா?

பென்விந்தோ: கை தானா எழுந்துது. அந்த முகத்தைப் பாத்தா வேற எதுவும் சொல்லிப் பழக்கமில்ல.

எடிவான்: அதைக் கேட்டு அழுதுட்டேன், ஞானப்பா. ஊரே தள்ளினாலும் லசெர்தா வீட்டு ரெண்டு ஓட்டும் எடிவானுக்குத்தான்னு சொல்றாங்க.

சுல்மீரா: ...இன்னும் கொஞ்சம் பாலு ஊத்தட்டுமா?

பென்விந்தோ: இரு, சுல்மீரா. எடிவான், நிமிந்து பாரு. ஆசீர்வாதம் சொன்னது நிஜம். அப்புறம் ஆரஞ்சுப் பொத்தான அமுக்கி உன் படத்தை அழிச்சேன். எதிராளி நம்பரை அடிச்சேன். பச்சைப் பொத்தான அமுக்கி ஓட்டை உறுதி பண்ணினேன்.

எடிவான்: ...அப்ப எதுக்கு முதல்ல என் நம்பரை அடிச்சீங்க?

பென்விந்தோ: உன் முகத்தைப் பாத்துச் செய்யத்தான். முதுகுக்குப் பின்னால செய்யறது இந்த வீட்டு வழக்கம் இல்ல.

எடிவான்: எதிராளி மட்டும் யோக்கியனா, ஞானப்பா?

பென்விந்தோ: எனக்குத் தெரியாது. நீ இல்லைன்னு தெரியும்.

எடிவான்: ...அந்த ஆசீர்வாதம்?

பென்விந்தோ: அது உன்னுது. கொடுத்ததத் திரும்ப வாங்க மாட்டேன். நாளைக்குக் காலையில வா. சுண்ணாம்பு கரைச்சு வைக்கிறேன். சுவத்துல இருக்கற உன் நம்பரை நீயே அழி.

எடிவான்: வரேன்... அப்ப இந்த வீட்டுல எனக்கு ஒரே ஒரு ஓட்டு. ஞானம்மா, அது உங்களுதுதானே? ஊரு சொன்னதுல பாதியாவது...

சுல்மீரா: ஊரு சொன்னதுல பாதிகூட இல்லடா. ரெண்டு ஓட்டுல ஒண்ணும் உனக்கு விழல. உங்க ஞானப்பா மாதிரி எனக்குத் தைரியம் கிடையாது, உன் நம்பரையே நான் தொடல. உன் முகம் வந்திருந்தா கை பச்சைக்குப் போயிருக்கும்.