சாம்பல் தொப்பிக்காரன்

ரோவினா: …அது நேத்து பேப்பர். ஒரே பக்கத்தை இன்னும் எவ்வளவு நேரம் படிப்பீங்க?

டில்லன்: மேடம், காபிக் கடைல இவ்வளவு இடம் இருக்கு, வேற யாரோன்னு நினைச்சு என் மேஜைல உட்கார்ந்துட்டீங்க.

ரோவினா: ஒரு மாசமா என் பின்னாடியே வர்ற ஆளு வேற யாரோவா? பின்தொடரவாவது ஒழுங்கா வருதா… ரெண்டு தடவை சாண்டா மோனிகா டிராமைக் கோட்டை விட்டீங்க.

டில்லன்: கூட்டம்.

ரோவினா: அடுத்த ஸ்டாப்ல இறங்கி, நீங்க வர்ற வரைக்கும் நின்னேன்.

டில்லன்: உங்க செருப்புல ஏதோ கல்லு மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்…

ரோவினா: ரெண்டு தடவையுமா?

டில்லன்: சரி, இனி ஒளிச்சு என்ன. நான் துப்பறியற ஆளு. ஹோரேஸ்தான் அனுப்பினார். சனிக்கிழமை உங்களைக் கட்டிக்கப்போறாரு. அதுக்குள்ள உங்களுக்கு வேற ஆள் இருக்கானான்னு பார்த்துச் சொல்லணும்.

ரோவினா: என்ன சொன்னீங்க?

டில்லன்: தனியா சினிமா பார்க்கறாங்க, தனியா செர்ரி கேக் சாப்பிடறாங்க, ஒருத்தனும் இல்லைன்னு.

ரோவினா: பொய். ஒருத்தன் இருக்கான்.

டில்லன்: …யாரு?

ரோவினா: முகம் ஏன் இப்படி வாடுது? சாம்பல் கலர் தொப்பி போட்டிருப்பான். நான் போற இடமெல்லாம் வருவான். தியேட்டர் வாசல்ல, மழைல, எனக்குக் குடை பிடிச்சான். அவன் குடை பிடிச்ச போட்டோவே ஹோரேஸ் கைக்குப் போயிடுச்சு.

டில்லன்: அட… அது நானு.

ரோவினா: உளவு பார்க்கறவங்க குடையும் பிடிப்பாங்களோ?

டில்லன்: நீங்க நனைஞ்சீங்க, கை தானா நீண்டுடுச்சு… இருங்க. போட்டோ எடுத்தது யாரு? ஹோரேஸ் என்னைத் தவிர யாரையும் வைக்கலயே.

ரோவினா: நான்தான் வச்சேன். உங்களை மாதிரியே இன்னொரு துப்பறியற ஆளு, கேமராவோட.

டில்லன்: எதுக்கு?

ரோவினா: போன வருஷம் ஒருத்தி ஹோரேஸை வேண்டாம்னு சொன்னா. அடுத்த வாரமே அவளைக் காரோட கடல்லேருந்து பொணமா எடுத்தாங்க. அதனால அவனா என்னை வேண்டாம்னு சொல்லணும். காலைல சொல்லிட்டான். பாரு, விரல்ல மோதிரம் இல்ல.

டில்லன்: ஆக, நின்னது, சிரிச்சது எல்லாம் போட்டோவுக்காக. நான் வெறும் தூண்டில் புழு.

ரோவினா: முதல் தடவை ஸ்டாப்ல நின்னது போட்டோவுக்குத்தான்.

டில்லன்: ரெண்டாவது?

ரோவினா: அன்னிக்கு கேமராக்காரனை நான் கூப்பிடவே இல்ல.

டில்லன்: …அதை நான் நம்பணுமா?

ரோவினா: நம்பாத. போட்டோல இருக்கறது யாருன்னு தெரிஞ்சதும் உன்னையும் வேலையை விட்டுத் தூக்கியிருப்பான். இனி என் பின்னாடி வர உனக்கு யாரும் சம்பளம் தர மாட்டாங்க. நாளைக்கு டிராம் ஏறுவேன். நீ வர்றியான்னு திரும்பிப் பார்ப்பேன்… என்ன சிரிக்கற? கோபமா?

டில்லன்: இல்ல. உன் கேமராக்காரன் மர்ஃபி, ஆபீஸ்ல எனக்கு எதிர் மேஜை. குடையை எப்படிச் சாய்ச்சா ரெண்டு பேர் முகமும் போட்டோல தெளிவா விழும்னு அவன்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் விரிச்சேன்.